சிப்பிப்பிடிக் கத்தி

சம்பூர்
12.11.1962

இரத்தினேஸ்வரியின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கடிதம் என்றால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் பிரம்பும் கையுமாகச் சொல்லித் தந்தவர். ஆகையால் கேட்கிறேன். நலமா?

மகளோடும் பேரனோடும் லாஞ்சிப் படகு ஏறிப் போனவள் ஏன் இன்னும் திரும்பவில்லை என்று ஹிஸ்புல்லாத் தம்பியிடம் விசாரித்தீர்களாம். லாஞ்சியில் டிக்கட் கிழிக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது? என்னைக் கேட்டால் நானே சொல்லுவேனே.

பேரனுக்குப் பல்லு முளைத்தது. கொழுக்கட்டை அவித்துக் கொட்டுகிற சடங்கை எங்கள் வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். சம்பூரிலிருந்து மருமகன் யோகலிங்கத்தின் ஆட்கள் அத்தனை பேரும் குடாவைக் கடந்து வந்திருந்தார்கள். பிள்ளைக்கு முன்னால் தட்டு வைக்க வேண்டும்; எதை எடுக்கிறானோ அதுதான் பிற்காலத்தில் அவன் வழி. புத்தகம் வைத்தேன், பேனை வைத்தேன், என் சங்கிலியைக் கழற்றி வைத்தேன், ஒரு பிடி நெல் வைத்தேன். கத்தியும் வைக்க வேண்டும். எங்கள் குசினிக் கத்தியோ வாய் உடைந்து, மீன் வாடை பிடித்துக் கிடக்கிறது. அலுமாரி நிறையக் கப்பல் கத்தி சேர்த்து வைத்திருக்கிற வீட்டில், சம்பந்தி அம்மாவுக்கு முன்னால் அந்த மூளிக் கத்தியை வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. சிப்பியில் பிடி போட்ட உங்கள் சிப்பிப்பிடிக் கத்தியை எடுத்து வைத்தேன்.

என் பேரன் சங்கிலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே போய் அந்தக் கத்தியைப் பிடித்தான். என்ன பிடி! எல்லாரும் கைதட்டிச் சிரிக்கிற நேரம் நீங்கள் பாய்ந்து வந்தீர்கள். "விடடா, எச்சில் பட்டால் கறள் பிடிக்கும்!" என்று பிள்ளையின் கையிலிருந்து பறித்தீர்கள். அவன் வீரிட்டு அழுதான். "தட்டிலை எடுத்ததைப் பறிச்சால் பிள்ளைக்கு ஒண்டும் கையிலை நிலைக்காது" என்று சம்பந்தி அம்மா என் முகத்துக்கு நேரே சொன்னா.

கத்தியைக் கைக்குக் கை வாங்கக் கூடாது, கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உறவு அறும் என்று கலியாணம் முடித்த கையோடு எனக்குச் சொல்லித் தந்தவர் நீங்கள். அதை மறந்தவரும் நீங்களே.

மழைக்கு முன் வீட்டு முகட்டு ஓட்டைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
பாக்கியரத்தினம்


திருகோணமலை
16.11.1962

அன்புள்ள பாக்கியத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓட்டைப் பார்த்தேன். ஒழுகுகிறது.

நீ நினைப்பதுபோல் நான் கத்திக்காகப் பாயவில்லை. பிள்ளையின் வாயைக் கத்தி வெட்டிவிடும் என்றுதான் பாய்ந்தேன். பதற்றத்தில் ஏதோ வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். பெரியவர்கள் அதைப் பிடித்துத் தொங்கலாமா?

இத்தனை வருடம் என்னோடு இருந்தும் இந்தக் கத்திகளை நீ அறியவில்லை. நான் துறைமுக டொக்யாட்டில் வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு கப்பலிலிருந்தும் ஒவ்வொருவன் தந்தவை. வெள்ளைக்காரன் போய்விட்டான். அந்தக் கப்பல்களும் போய்விட்டன. பாவித்தால் கத்தி தேயும் பாக்கியம். தேய்ந்தால் பிறகு என்ன மிச்சம்? பின்னேரங்களில் துறைமுகத்துக்குள் கப்பல் ஊதும்போது அலுமாரிக்குள் அவை மெல்லக் கிணுகிணுக்கும். நீயும் கேட்டிருப்பாய். தாங்கள் வந்த இடத்தை அவை மறக்கவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். அப்படிப்பட்டதைக் கொண்டுபோய்ப் பூசணிக்காய் வெட்டச் சொல்லி எத்தனை தரம் கேட்டிருக்கிறாய்.

சீனி எந்தப் போத்தலில் இருக்கிறது என்று எழுதவும்.

உன்,
சோமசேகரம்


சம்பூர்
25.11.1962

இரத்தினேஸ்வரியின் அப்பாவுக்கு,

சீனி, மஞ்சள் மூடிப் போத்தலில்.

பிள்ளையின் வாயை வெட்டும் என்றா பாய்ந்தீர்கள்? அந்தக் கத்தி வாழைப்பழத்தையும் வெட்டாது. கப்பலால் இறங்கிய நாள் தொடக்கம் அது கல்லைக் கண்டதில்லை. மொட்டைக் கத்தி என்று தெரிந்துதான் பிள்ளைக்கு முன்னால் வைத்தேன். எனக்கு அவ்வளவு புத்தி இல்லையென்றா நினைத்தீர்கள்?

ஒரு கனவு கண்டேன். சொல்லாமல் இருக்க ஏலாது. விடியப்போகிற நேரம். குடா முழுக்கப் பால்போலக் கிடக்கிறது, அலையில்லை. உங்கள் பக்கமிருந்து சூடைமீன் கூட்டம்போல ஏதோ மினுங்கிக்கொண்டு வருகிறது. கிட்ட வரத்தான் தெரிந்தது, எல்லாம் உங்கள் கத்திகள். வாலை ஆட்டி ஆட்டி நீந்தி வந்து என் காலடி மணலில் ஒதுங்கின. ஒன்றும் வெட்டவில்லை. "அம்மா, எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டன. நான் சீலைத் தலைப்பை விரித்துப் பிடித்தேன். அதற்குள் பேரன் சிணுங்கி எழுப்பிவிட்டான்.

வேலை இல்லாத கத்தியைக் கத்தி என்று சொல்ல ஏலாது. அது கத்தியின் படம். படத்தைச் சுவரில் மாட்டலாம், அதை வைத்துக் குடித்தனம் செய்ய ஏலாது.

பேரன் இப்போது கதிரையைப் பிடித்து எழும்புகிறான். இந்த ஊரில் இந்த வயதில் ஒரு பிள்ளையும் எழும்பினதில்லையாம். நான் சொல்லவில்லை, ஊர் சொல்லுகிறது. ஆனால் எதைக் கையில் கொடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் கீழே போட்டுவிடுகிறான். சம்பந்தி அம்மா என்னைப் பார்க்கிறா. நான் தூரத்தில் கோணமலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறேன்.

பாக்கியரத்தினம்


திருகோணமலை
14.12.1962

அன்புள்ள பாக்கியத்துக்கு,

மழையும் கடலும் ஒன்றாகிவிட்டன. லாஞ்சி ஓடவில்லை. இந்தக் கடிதம் உன் கையில் எப்போது சேருமோ.

ஒரு துக்கமான செய்தி. கத்திகளில் கறள் பிடித்திருக்கிறது. நேற்று அலுமாரியைத் திறந்தேன். மணல் நிறத் துருப் புள்ளிகளோடு, அம்மை போட்ட மாதிரிக் கிடக்கின்றன. யாரும் தொடவில்லை. பட்டுத்துணி அப்படியே இருக்கிறது. அலுமாரித் திறப்பு என் இடுப்பிலேயே இருக்கிறது. இத்தனை மாரி வந்து போனதே, ஒரு மாரியிலும் இப்படி ஆகவில்லையே! என்ன குறை வைத்தேன் என்று விளங்கவில்லை.

எச்சில் பட்டதால்தானோ என்று சிப்பிப்பிடியைத்தான் முதலில் பார்த்தேன். அதில் மட்டும் ஒன்றும் இல்லை.

பின்னேரம் கப்பல் ஒன்று ஊதியது. அலுமாரிக்குள் சத்தம் இல்லை. மழை இரைச்சலாக இருக்கலாம்.

சோமசேகரம்


சம்பூர்
20.12.1962

இரத்தினேஸ்வரியின் அப்பாவுக்கு,

கடல் அடங்கிய முதல் நாளே ஹிஸ்புல்லா உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். மூதூரில் இறங்கிச் சைக்கிளில் இவ்வளவு தூரம் வந்து, ஒரு பிளேன்டீயும் குடித்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, ஐயா ஜெட்டிக்கு வந்து கடலப் பார்க்கிறாரெண்டு ஊரெல்லாம் நினைக்குது. அவரு பார்க்கிறது எங்கட லாஞ்சிய. ஆக்கள் இறங்கி முடிஞ்ச பிறகும் உள்ளுக்கு எட்டிப் பார்க்கிறாரு. இனி லாஞ்சிக்கு அடியில மட்டும்தான் பார்க்கல்ல."

நான் சிரிக்கவில்லை. உங்கள் மகள்தான் சிரித்தாள்.

கறள் ஏன் பிடித்தது என்று கேட்கிறீர்கள். சொல்லுகிறேன். சனிக்கிழமைதோறும் நீங்கள் தலைக்கு நல்லெண்ணெய் வைத்து முழுகுவீர்கள். இடுப்புத் திறப்பைக் கழற்றிக் கிணற்றடித் தூணில் கொழுவிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடுவீர்கள். உங்கள் தேவாரம் நீளமானது. நான் திறப்பை எடுத்துக்கொண்டு வந்து, கிண்ணத்தில் நீங்கள் மிச்சம் விட்ட எண்ணெயைத் துணியில் தொட்டு, ஒவ்வொரு கத்தியாகத் துடைத்து, பட்டில் இருந்த மாதிரியே வைத்துவிட்டுத் திறப்பைக் கொண்டுபோய்க் கொழுவுவேன். அன்றைக்குச் சடங்குக்குச் சிப்பிப்பிடியை எடுத்ததும் அப்படித்தான். அதை மட்டும் இரண்டு தரம் கூடுதலாகத் துடைத்தேன். அதனால்தான் தப்பியிருக்கிறது.

வந்தவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டி, "மணந்து பாருங்கோ, இது தூர தேசத்துக் கடல் வாசம்" என்று சொல்லுவீர்களே. அது உங்கள் தலையில் வைத்து மிஞ்சின எண்ணெய்.

கத்தி பாவிக்கத்தான் வேண்டும் என்று சொல்லுகிறவள் ஏன் துடைத்தாய் என்று கேட்பீர்கள். உங்களுக்கு அது பிடிக்கும். அவ்வளவுதான்.

பாக்கியரத்தினம்


திருகோணமலை
9.1.1963

என் அன்புக்குரிய பாக்கியத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். மடித்து வைத்துவிட்டுப் போய் அலுமாரியைத் திறந்து மணந்து பார்த்தேன். ஓம். என் தலைதான்.

சிரிப்பும் வந்தது. பிறகு சிரிப்பு இல்லாமல் கதிரையில் இருந்தேன். பிறகு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். நீ துணி தோய்க்கிற கல்லின் ஓரத்தில் தீட்டத் தொடங்கினேன். கறுப்பு நீர் வடிந்து வாழையடிக்குப் போயிற்று. தீட்டினால் கப்பல்களெல்லாம் கரைந்து போய்விடும் என்று எவ்வளவு காலம் பயந்திருந்தேன்! ஒன்றும் கரையவில்லை. கறள்தான் கரைந்தது.

அடுத்த வீட்டுச் சின்னராசா ஒரு விளைமீன் தந்தான். கொம்புப்பிடிக் கத்தியால் வெட்டினேன். அவன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன சோமண்ணை, மீன் வெட்டுறியளோ, இல்லை அதுக்குத் தலை வாரி இழுத்து விடுறியளோ?" என்று கேட்டான். "போடா, அது கிரேக்கக் கப்பல் கத்தி" என்றேன். "அப்பிடியெண்டால் மீனுக்கு விளங்கேல்லைப் போல" என்கிறான். குழம்பு கரித்துப் போயிற்று. ஆனாலும் மீன் மீனாகத்தான் வெட்டுப்பட்டது. மற்ற நாள் பூசணிக்காய் வெட்டினேன். நீ சொன்ன மாதிரி. என்ன சுகமாக இறங்குகிறது!

சிப்பிப்பிடியை மட்டும் தீட்டவில்லை. உனக்கு ஒரு கதை சொல்லியதில்லை. அதைத் தந்தவன் ஒரு நோர்வேக் கப்பலின் சமையல்காரன். "குசினியில் எனக்கு ஆள் வேண்டும், வருகிறாயா?" என்று கேட்டான். இரத்தினேஸ்வரி அப்போது உன் வயிற்றில். நான் போகவில்லை. கப்பல் வெளிக்கிடுகிற நேரம் இதைத் தந்துவிட்டுப் போனான். பாக்கியம், இந்தக் கத்திகள் எல்லாமே நான் போகாத ஊர்கள்தான். மற்றவற்றைத் தீட்டிவிட்டேன். இதைத் தீட்டினால், இனி நீ போகமாட்டாய் சோமசேகரம் என்று எனக்கு நானே சொல்லுவதுபோல இருக்கிறது. கிழவனுக்கு இது என்ன ஆசை என்று நீ சிரிப்பாய்.

அன்றைக்குப் பறித்தது பிள்ளைக்காக இல்லை. நீ சொன்னதுதான் சரி.

இதைத் தீட்டவா, விடவா? நீ சொல்லுவதைச் செய்கிறேன். முகட்டு ஓடுகளை மாற்றிவிட்டேன். இனி ஒழுகாது.

உன்,
சோமசேகரம்


சம்பூர்
17.1.1963

இஞ்சாருங்கோ,

நோர்வேக் கதையை எனக்குச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டிலுக்குக் கீழே உங்கள் துணிமூட்டை கட்டிக் கிடந்ததை நான் கண்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் கப்பல் ஊதியது. நான் அடுப்படியில் இருந்தேன். அது ஊதி ஊதித் தூரப் போய், சத்தம் நின்ற பிறகு வாசல் படலை திறந்தது. நீங்கள் வந்து "சோறு இருக்கா?" என்று கேட்டீர்கள். மற்ற நாள் மூட்டையை அவிழ்த்துத் துணிகளை மடித்து வைத்தவள் நான்தான். அந்தக் கத்தியைக் கூடுதலாகத் துடைத்தது சடங்குக்காக மட்டும் இல்லை. என்றைக்கும் அப்படித்தான் துடைத்தேன். அது உங்களைக் கொண்டுபோகாமல் வந்த கத்தி.

அதைத் தீட்ட வேண்டாம். அலுமாரியிலும் வைக்க வேண்டாம். திரும்பவும் ஒரு தட்டு வைப்போம். எங்கள் வீட்டிலேயே. நான் கொழுக்கட்டைக்கு இங்கிருந்து புது அரிசி இடித்துக்கொண்டு வருகிறேன். யோகலிங்கம் சம்மதம். சம்பந்தி அம்மாவும் வருகிறா. "இந்த முறை கிழவரைக் கட்டிப்போட்டுட்டுத்தான் வைக்கோணும்" என்கிறா. கொஞ்சம் சிரித்த மாதிரித்தான் சொன்னா.

இந்த முறை கத்தியை நீங்களே தட்டில் வையுங்கள். பிள்ளை நெல்லைத் தொட்டால் வயல். புத்தகத்தைத் தொட்டால் பள்ளிக்கூடம். திரும்பவும் சிப்பிப்பிடியைப் பிடித்தானென்றால் அது அவனுடையது. வாயில் வைத்தால் வைக்கட்டும். வளர்ந்து அதைத் தீட்டுவானோ, பெட்டியில் வைப்பானோ, அதைக் கொண்டு கப்பல் ஏறுவானோ, அவன் பாடு. கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் ஒருவராவது பார்த்துவரட்டுமே. அவன் எடுப்பான். எனக்குத் தெரியும். அவன் என் பேரன்.

இப்போது பின்னேரம். பேரன் மடியில் நித்திரை. குடா கண்ணாடிபோலக் கிடக்கிறது. அந்தப் பக்கம் துறைமுகத்து வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. எது எங்கள் வீட்டு விளக்கு என்று இங்கிருந்து தெரியாது. ஆனாலும் ஒன்றை எங்களுடையது என்று வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு நாளும் அதைத்தான் பார்த்தேன்.

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை லாஞ்சியில் வாறன். ஜெட்டியில் நின்று எட்டி எட்டிப் பார்க்க வேண்டாம், விழுந்துவிடுவீர்கள். விளைமீன் இருந்தால் சின்னராசாவிடம் சொல்லி வையுங்கள், நான் வந்து வெட்டுகிறேன். உங்கள் கத்திகளில் எனக்கென்று ஒன்றை நீங்களே பார்த்து எடுத்து வையுங்கோ. நல்லாய்த் தீட்டி வையுங்கோ.

கையில் தரவேண்டாம். குசினிப் பலகையில் வையுங்கோ. நான் எடுக்கிறன்.

உங்கள்,
பாக்கியம்