80305-ஐ மாற்றியது நானில்லை

6 மே 2025, செவ்வாய்

கிளினிக்கில் பில்லிங் வேலையில் நான்கு வருஷம். இன்றைக்குத்தான் என் பெயர் போட்டு இன்சூரன்ஸிலிருந்து ஆடிட் கடிதம் வந்திருக்கிறது. பிப்ரவரியில் போட்ட போதைமருந்துச் சோதனை பில்களில் நூற்றுப் பதினொன்று தப்பாம்.

நானா? கப்பில் சிறுநீர் பிடித்து, பட்டையில் கோடு விழுகிறதா என்று கண்ணால் பார்த்தால் கோட் 80305. பெரிய மெஷினில் ஓட்டினால்தான் 80307. இன்சூரன்ஸ் அதற்குப் பல மடங்கு கொடுக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் கிளினிக்கில் அந்த மெஷினே கிடையாது!

8 மே

கம்ப்யூட்டர் பதிவைத் தோண்டிப் பார்த்தேன். நான் போட்டது 80305தான். பிறகு 80307 ஆக்கியிருக்கிறார்கள் — என் லாகினில். பிப்ரவரி 12 முதல் 24 வரை. அந்த நாட்களில் நான் ஹூஸ்டனிலேயே இல்லை. அம்மா இறந்து திருச்சிக்குப் போயிருந்தேன்.

பாஸ்வேர்ட் தெரிந்தது ஒரே ஒருத்தருக்கு. மேனேஜர் கலாவதி ஆன்ட்டி. நான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது போன் செய்து, வேலை நின்றுவிடும், கொடுத்துவிட்டுப் போ என்றார். கொடுத்தேன். இந்த வேலையை வாங்கித் தந்தவர். தீபாவளிக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. நம்ம ஆள்தானே! வேறு யாராவது கேட்டிருந்தால் ரூல் பேசியிருப்பேன். புத்தி எங்கே போச்சு எனக்கு?

9 மே

கேட்டுவிட்டேன். ஆன்ட்டி கதவைச் சாத்தினார். கிளினிக் முதலாளி டாக்டர் சேனாபதி சொல்லித்தான் செய்தாராம். கிளினிக் தள்ளாடிக்கொண்டிருந்ததாம்.

"தெரியாம போட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துடு ஸ்வர்ணா. ட்ரெய்னிங் போன்னு சொல்லி விட்டுடுவாங்க. எனக்கு அறுபது வயசு, நான் எங்க போவேன்?"

"என் பில்லிங் சர்டிஃபிகேட் போயிடும் ஆன்ட்டி."

"நீ சின்னவ. மறுபடி எழுதிக்கலாம்."

கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் படித்த படிப்பு. மறுபடி எழுதிக்கலாமாம்.

10 மே

வீட்டில் இவர், பெரிய மனுஷங்க பொல்லாப்பு நமக்கெதுக்கு என்கிறார். கெட்ட பெயர் இவருக்கா வரப்போகிறது?

12 மே

மாற்றியது நானில்லை என்று ஆடிட்டுக்குச் சொல்லிவிட்டேன். ஊரில் இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். பாஸ்போர்ட் முத்திரை, டிக்கெட், அம்மாவின் இறப்புச் சான்றிதழ். அம்மா பெயரை ஸ்கேனரில் கவிழ்த்து வைத்தபோது அழுகை வரவில்லை. ஆத்திரம்தான். செத்த பிறகும் எனக்குச் சாட்சி சொல்ல அவள்தான் வரவேண்டியிருக்கிறது.

பாஸ்வேர்ட் கொடுத்தது நான்தான் என்பதையும் எழுதினேன். மறைத்தால் நானும் அவர்களும் ஒன்று.

13 மே

வேலை போய்விட்டது. இரண்டு வரி மெயில்.

6 செப்டம்பர், சனி

80305-ஐ மாற்றியது நானில்லை என்று ஆடிட்டிலிருந்து ஜூலையிலேயே எழுதி வந்துவிட்டது. பாஸ்வேர்ட் கொடுத்ததற்காகச் சர்டிஃபிகேட் ஒரு வருஷம் நிறுத்தம். நியாயம்தான். அதனால்தான் இன்னும் எரிகிறது. ஆன்ட்டியையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் மட்டும் அபராதம் கட்டிவிட்டு அதே நாற்காலியில்.

ஹில்கிராஃப்ட் மளிகைக் கடையில் பில் போடுகிறேன். இன்று ஆன்ட்டி வந்தார். என் கவுண்டரில் யாருமில்லை. 'வாங்க' என்று வாய்வரை வந்துவிட்டது. அவர் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய், பக்கத்து வரிசையில் ஆறு பேருக்குப் பின்னால் நின்றார்.