நேர்ப் படத்தில் தெரியாத தோள்

2011 ஒக். 6, வியாழன்

காற்று. தகரக் கூரை முழுக்கச் சத்தம். விடிய என் கணவருக்கு வலிப்பு. திரும்பி ஊருக்கு வந்து குடியேறிய பிறகு இதுதான் முதல் தடவை. மாத்திரை முடிந்து கனநாள். மாத்திரை எடுக்கும் கிளினிக் கொப்பி, இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்தில். போய்வந்தால் ஒரு நாள் தொழில் போகும் என்று தள்ளிப் போட்டார். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

மாமியின் கத்தல்: "இரும்பு! இரும்பைக் கையில குடுங்கோ!" என் தம்பி நவாஸ் ஓடிவந்து கதவுத் திறப்புக் கோர்வையை அவருடைய வலது கையில் திணித்து, அந்தக் கையை அமத்திப் பிடித்தான். கை விறைத்து ஒரே உதறல். பிறகு அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம். எழும்பியதும் முதல் பேச்சு, "தோள் போச்சு."

மாமி நவாஸிடம்: "நீதான்டா இழுத்து முறிச்சுப் போட்டாய்." பாவம், முகம் கறுத்துப் போய்விட்டான்.

ஒக். 7, வெள்ளி

டவுனில் ஒரு தனியார் கிளினிக். பஸ்ஸில் வைத்தே சொல்லிவிட்டார்: "வலிப்பெண்டு வாய் திறந்தியோ, பாத்துக்கொள்." படகு முதலாளி சம்மாட்டியார் காதுக்கு எட்டினால் படகில் ஏற்றமாட்டார். வலிப்புக்காரனை நம்பி யார் கடலுக்குக் கூட்டிப்போவது?

"கூரையால விழுந்தனான்" என்றார் டொக்டரிடம். நானும் தலையாட்டினேன். எக்ஸ்ரே ஒன்று, நேரே முன்னால் வைத்து. "முறிவில்ல. அடிபட்ட நோ. ஒரு கிழமையில சுகமாயிடும்."

அல்ஹம்துலில்லாஹ். வாங்கியது: நோவெண்ணெய், வெங்காயம், மண்ணெண்ணெய். தீப்பெட்டி மறந்து போனது.

ஒக். 10, திங்கள்

சுகமில்லை. கை வயிற்றோடு ஒட்டினபடி. தலை சீவிவிடுவது நான். "மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீங்க" என்று பகிடி விட்டேன். சிரிக்கவில்லை. நோவெண்ணெய் பாதிப் போத்தல் முடிந்தது. நவாஸ் இந்தப் பக்கம் வருவதே இல்லை, மாமி கண்டால் பேசுவார் என்று.

ஒக். 13, வியாழன்

மழை. ஒழுகும் இடமெல்லாம் சட்டி.

மஃரிப் தொழுதுவிட்டு துஆவுக்குக் கையேந்தினார். இடது உள்ளங்கை மேலே பார்க்கிறது. வலது திரும்பவில்லை, நிலத்தைப் பார்த்தபடி.

"திருப்புங்கோவன்."

"திரும்பினாத் திருப்பமாட்டனா?"

வெறும் நோ என்றால் நொந்து நொந்தாவது திரும்பும். இது பூட்டுப் போட்ட மாதிரி. இந்தக் கை இப்படியே நின்றுவிட்டால்? வலை இழுப்பது எப்படி? சாப்பாடு?

ஒக். 15, சனி

சம்மாட்டியார் சுகம் விசாரிக்க வந்தார். கையைக் கண்டதும், "ஐஸ் எடுக்க லொறி மன்னாருக்குப் போகுது. ரெண்டு பேரும் ஏறுங்கோ." மறுக்க வழியில்லை. பெரியாஸ்பத்திரிக்குள்ளேயும் கூடவே வந்து நின்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த நேரம் எங்கேயாவது தொலைந்து போகமாட்டாரா என்றிருந்தது.

டொக்டர் ஒரு பெண். கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. பழைய படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "விழுந்தா அநேகமா முன்னுக்குத்தான் விலகும். இது பின்னுக்குப் போன மாதிரி. வலிப்பு வந்ததா? கறண்ட் அடிச்சதா?"

"இல்ல, விழுந்தனான்."

"தங்கச்சி, நீங்க சொல்லுங்கோ."

சம்மாட்டியார் பக்கத்தில். கணவர் என்னைப் பார்த்த பார்வை. யா அல்லாஹ்.

"வலிப்பு" என்றேன்.

பக்கவாட்டில் இன்னொரு படம். எலும்பின் தலை குழியை விட்டுப் பின்னால். வலிப்பில் தசையெல்லாம் ஒரேயடியாக இழுக்குமாம். அந்த இழுப்பே போதும், யாரும் பிடித்து இழுக்கத் தேவையில்லையாம். நேர்ப் படத்தில் எல்லாம் இருந்த இடத்திலேயே இருப்பதாகத் தெரியுமாம். "வலிப்பெண்டு சொல்லியிருந்தாத் தேடியிருப்பினம். இன்னும் பிந்தியிருந்தா வெட்டித்தான் சரியாக்கோணும்."

மயக்க மருந்து கொடுத்துத் தோளைப் போட்டார்கள். வெளியே வந்து பார்த்தேன். லொறி போய்விட்டிருந்தது, சம்மாட்டியாரையும் காணவில்லை.

ஒக். 18, செவ்வாய்

வீடு. கை துணிக்கட்டோடு கழுத்தில் தொங்குகிறது. மாத்திரை காலை, இரவு. கொப்பி இனி மன்னாரில். மாமியிடம் விளக்கிச் சொன்னேன், நவாஸில் பிழையில்லை என்று. பின்னேரம் அவனுக்கு மீன்குழம்பு கொடுத்தனுப்பினார்.

இவர் என்னோடு கதைப்பதில்லை. மாத்திரையை மாமி கொடுத்தால்தான் விழுங்குகிறார். செய்தது சரிதான். ஆனாலும் ஒரே பயம், இந்த மனிதன் இனி என் முகம் பார்ப்பாரா என்று.

ஒக். 20, வியாழன்

காற்று அடங்கிவிட்டது. விடிய எஞ்சின் சத்தம் கேட்டு எழும்பிப் போய் வாசலில் நின்றார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோனேன். வாங்கவில்லை. படகையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"என்ர இடத்தில ஆர் ஏறினது?"

"தெரியா."

"உனக்குத் தெரியும்."

தெரியும். நேற்றே சம்மாட்டியார் ஆளனுப்பிக் கூப்பிட்டிருந்தார். நவாஸை.