நூல் கட்டி எடுத்த வைத்தியம்

அக்கா,

இன்று வேலூர் ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதற்கு முன் என் தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்தார்கள். அந்தக் கசப்பு நாக்கில் பட்டதும் உன் மேல்தான் ஆத்திரம் வந்தது.

நெஞ்செரிச்சலுக்கு மாதக்கணக்கில் சோடா குடித்துக்கொண்டிருந்த உன்னை களம்பூரிலிருந்து ஆரணிக்குக் கூட்டி வந்து, பஸ் ஏற்றி இதே இடத்துக்கு இழுத்து வந்தேன். இரைப்பையில் புற்றுநோய்தான், ஆனால் உட்சுவரின் மேல்தோலைத் தாண்டவில்லை, வயிற்றைக் கிழிக்காமல் வாய்வழியாகவே குழாய் விட்டு உரித்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். உரிக்க உரிக்கத் தோல் மடிந்து விழுந்து கத்தியை மறைக்குமாம். அதனால் அதன் ஓரத்தில் சின்னக் கிளிப்பை மாட்டி, நூல் கட்டி, வாய்க்கு வெளியிலிருந்து மெல்ல இழுத்துப் பிடிப்பார்களாம். அடிப்பக்கம் நன்றாகத் தெரியும், பயமில்லாமல் அறுக்கலாம் என்று பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார்.

நீ என்ன சொன்னாய்?

"வாயில நூலு தொங்க வுட்டுகினு கெடக்க, நான் இன்னா தூண்டில்ல மாட்ன மீனா?"

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரம் கெஞ்சித்தான் உன்னைச் சம்மதிக்க வைத்தேன். கட்டி முழுசாக, ஒரே துண்டாக வந்தது. ஓரங்களில் நோய் இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்தது. நாலாம் நாளே நீ களம்பூரில் உன் வீட்டுக்குப் போய்விட்டாய்.

மீதி இரைப்பையில் புதிதாக முளைக்கலாம், வருஷா வருஷம் வந்து பார்க்க வேண்டும் என்று உன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஒரு வருஷம் அரிசி மில்லில் நெல் வரத்து, வேலையை விட முடியாது என்றாய். அடுத்த வருஷம் படவேட்டுக் கோயிலுக்கு வேண்டுதல். நான் போன் செய்தால், "அதான் எடுத்துட்டாங்களே, சும்மா பேஜார் பண்ணாத" என்று வைத்துவிடுவாய். நேரில் வந்தால் சோறு போட்டு வாயடைப்பாய்.

கடைசியில் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிற நிலையில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். இரைப்பையில் வேறு இடத்தில் புதிதாக முளைத்து, ஆழமாக இறங்கி, கல்லீரல் வரைக்கும் போயிருந்தது. கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்:

"இதுக்கும் அந்த நூலப் போட்டு இழுக்க மாட்டாங்களாடி?"

தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன். அந்தக் கட்டிலிலிருந்து நீ எழுந்திருக்கவே இல்லை.

எனக்கு இன்று ஒன்றும் இல்லை என்றுவிட்டார்கள். ஆனால் உன் பெண்ணுக்கும் நெஞ்செரிச்சல். "பாக்கலாம் சித்தி, பசங்களுக்குப் பரீட்சை முடியட்டும்" என்கிறாள். அப்படியே உன் குரல். நாளைக்குக் காலையில் களம்பூர் போகிறேன். அவள் போடும் சோற்றில் கை வைக்கமாட்டேன். முதலில் பஸ் ஏறு என்பேன்.