நான்காம் மாடியின் பழுப்புச் செருப்பு

ஒசாகா, ஜூன் 4

மித்சுயோவுக்கு,

மழைக்காலம் பிறந்துவிட்டது. குராஷிக்கியில் துணி காய்கிறதா? இங்கே மனிதனே காயமாட்டேன் என்கிறான்.

ஒரு மாதம் விலகியிருக்கச் சொன்னாய். இருக்கிறேன். ஆனால் நம் மகள் பிடித்துக்கொடுத்த இடத்தைப் பற்றி என்ன சொல்ல! "அப்பா, ஹோட்டல்னும் சொல்லலாம், வீடுன்னும் சொல்லலாம்" என்றாள் நாஹோ. இரண்டும் இல்லை. கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிறது. கட்டில் மேலே, மேசை கீழே, நடுவில் ஏணி. அறுபத்திரண்டு வயதில் ஏணியேறித் தூங்குகிறேன். சமையலறை, குளியலறை, கழிப்பறை எல்லாம் மாடிக்கு ஒன்று, எங்கள் நான்காம் மாடியில் பதினோரு பேருக்கும் பொது. குளிக்கப் போனால் வடிகால் வாயில் மூன்று நிறத்தில் முடி சுருண்டு கிடக்கிறது. பக்கத்து அறை ஹிராய் ஒரு நூடுல்ஸ் கடைச் சமையல்காரன். அவன் புளித்த சோயாக்கொட்டை டப்பாவைத் திறந்தபடி குளிர்பெட்டியில் வைத்துவிட்டான். அதன் பிசின் நூல் என் பால் பாட்டிலில் ஒட்டித் தொங்கியது. பாட்டிலோடு குப்பையில் எறிந்துவிட்டேன்.

வெளியே கிளம்பினால் வாசல் மேசைப் பெண் "போயிட்டு வாங்க" என்கிறாள். திரும்பினால் "வந்துட்டீங்களா" என்கிறாள். சம்பளத்துக்குச் சொல்கிற வார்த்தை. நான் வீட்டை விட்டுக் கிளம்பியபோது சமையலறையிலிருந்து நீ "போயிட்டு வாங்க" என்றாயே, அதுவும் இதுவும் ஒன்றாகுமா?

பனியன்களுக்கு அடியில் நீ வைத்த விவாகரத்துத் தாளைப் பார்த்தேன். உன் பெயர் முத்திரை சாய்ந்து விழுந்திருக்கிறது. கோபத்தில் அமுக்கியிருக்கிறாய். அதை இழுப்பறையில் போட்டுவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி வந்துவிடுவேன். அதற்குள் உன் கோபம் ஆறிவிடும்.

தமோட்சு


குராஷிக்கி, ஜூன் 8

நாஹோ அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. துணி காய்கிறது. ஒருத்தி துணிதானே.

கோபத்தில் அமுக்கவில்லை. முத்திரை மை காய்ந்துபோயிருந்தது. இரண்டாம் தடவை அழுத்தியதில் சாய்ந்துவிட்டது. நீங்களும் கையெழுத்திட்டு முத்திரை வைத்தால்தான் அந்தத் தாள் செல்லும். வைப்பதா வேண்டாமா என்று நீங்களே யோசிக்கத்தான் ஒரு மாதம் கேட்டேன். யோசியுங்கள்.

மழையில் நனையாதீர்கள். உங்களுக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும்.

மித்சுயோ


ஒசாகா, ஜூன் 14

மித்சுயோவுக்கு,

இதைக் கேள். முடியும் பிசினும் ஒன்றுமே இல்லை.

கழிப்பறைக்குள் மட்டும் போட்டுக்கொள்ள இங்கே பழுப்புச் செருப்பு ஒரு ஜோடி உண்டு. உள்ளே நுழையும்போது மாற்றிக்கொண்டு, வெளியே வரும்போது அங்கேயே விடவேண்டும். இதை நம் ஊரில் மூன்று வயசுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டாம். நேற்றுக் காலை கழிப்பறைக்குப் போகிறேன், செருப்பு உள்ளே இல்லை! தேடினால் சமையலறையில், சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடக்கிறது. எவனோ அந்த அடியோடு நடந்துவந்து, நாம் சாப்பிடுகிற இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். என் சூப்பை அப்படியே ஊற்றிவிட்டேன்.

சும்மா விடுவேனா? பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: "கழிப்பறைச் செருப்போடு சமையலறைக்கு வரும் அசுத்தப் பிறவி யாராக இருந்தாலும் வெட்கப்படவும்."

ஹிராய் அதை உரக்கப் படித்துவிட்டு, "பெரியவரே, போலீஸ்ல இருந்தீங்களா?" என்றான்.

"முப்பத்தெட்டு வருஷம் ரயில்வே சிக்னல்ல இருந்தேன்."

"அதான் எல்லாருக்கும் சிவப்பு விளக்கு காட்டறீங்க."

மாடியே சிரித்தது. ஒசாகாக்காரர்களுக்கு எதுவும் விளையாட்டுத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி ஒருவனோடு குடும்பம் நடத்துகிறவள் என்ன பாவம் செய்தாளோ.

தமோட்சு


குராஷிக்கி, ஜூன் 17

நாஹோ அப்பாவுக்கு,

ஆளைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.

மித்சுயோ


ஒசாகா, ஜூன் 22

மித்சுயோ,

உனக்கு முன்பே தெரியும், இல்லையா?

இன்று காலை வழக்கம்போல் பேப்பரைப் படித்துக்கொண்டே கழிப்பறையிலிருந்து வந்து மேசையில் உட்கார்ந்தேன். எதிர் அறை நர்ஸ் தொகாஷி குனிந்து, கழிப்பறை வாசலில் நான் கழற்றிவிட்ட என் வீட்டுச் செருப்பைக் காலருகில் வைத்தாள். நான் உருவிப்போட்ட பழுப்பு ஜோடியைக் காகிதத்தால் பிடித்து எடுத்தாள்.

ஹிராய் கரண்டியைக் கீழே வைத்தான். "ஏம்மா, தினமும் நீதான் எடுக்கணுமா? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"பாவம், சங்கடப்படுவாரு. எங்கப்பாவும் இப்படித்தான்."

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"நீங்க வந்த நாள்லேருந்து, ஐயா. அன்னிக்கு ஒருநாள் எனக்கு லீவு, அதான் அங்கேயே கிடந்துடுச்சு."

நான் ஒட்டிய நோட்டீஸ் அவள் தலைக்கு மேலேயே இருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என் நாற்காலியில் ஏன் யாரும் உட்காருவதில்லை என்பது இப்போதுதான் விளங்கியது. அறைக்கு வந்து என் பாதங்களைப் பார்த்தேன். என்னுடையவை என்றே சொல்லத் தோன்றவில்லை. சோப்பு போட்டு மூன்று தடவை கழுவினேன்.

நம் வீட்டிலும் தினம் காலை நீ குனிந்து என் காலடியில் செருப்பு வைப்பாய். அதைப் பாசம் என்று நினைத்தேன். ஆபீஸில் பெருமையடித்திருக்கிறேன். பிறகு தரையைத் துடைப்பாய். எப்போது பார்த்தாலும் துணியும் கையுமா என்று எரிந்துகூட விழுந்திருக்கிறேன். ஏன் மித்சுயோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இனி அப்படி நடக்காது. நம் இருவருக்கும் புதுச் செருப்பு வாங்கிவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி மதிய ரயிலில் வருகிறேன்.

தமோட்சு


குராஷிக்கி, ஜூன் 25

நிஷிவாகி தமோட்சு அவர்களுக்கு,

சொன்னேன். கல்யாணமான முதல் வருடமே சொன்னேன். "என்கிட்ட டீச்சர் வேலை காட்டாதே" என்றீர்கள். நாஹோ தவழ்ந்தபோது மறுபடி சொன்னேன். குழந்தை அந்தத் தரையில் கையை ஊன்றி வாயில் வைக்கிறாளே என்றேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "துடைக்கத்தான் நீ இருக்கியே" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. துடைத்தேன். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடம் ஆயிற்று.

கோபம் என்று எழுதியிருந்தீர்கள். கோபமாக இருந்தால் எப்போதோ ஆறியிருக்கும். இது அருவருப்பு. அதை ஆற்றுவதற்கு எனக்கு வழி தெரியவில்லை. உங்கள் காலடிச் சத்தம் கேட்டாலே என் கை துணியைத் தேடுகிறது. உங்கள் சாப்பாட்டுக் கிண்ணத்தை என்னுடையதோடு சேர்த்துக் கழுவி ஏழு வருடமாகிறது. அதையும் நீங்கள் கவனிக்கவில்லை.

நீங்கள் போன அன்று நடையை ஒரு தடவை துடைத்தேன். அதோடு சரி. நேற்று அதில் வெறுங்காலோடு நடந்தேன். இந்த வீட்டில் அப்படி நடந்ததே இல்லை.

அந்த நர்ஸ் பெண் மூன்று வாரம் குனிந்ததும் உங்களுக்கு வெட்கம் வந்துவிட்டது. நல்லதுதான். நான் குனிந்தபோது அது வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. அன்று "போயிட்டு வாங்க" என்றது வெறும் வாய்ப்பழக்கம். கதவுச் சத்தம் கேட்டதும் தானாக வந்துவிட்டது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதை நம்பி ரயில் ஏறவேண்டாம்.

மித்சுயோ


ஒசாகா, ஜூன் 29

மித்சுயோவுக்கு,

நேற்று ரயில் ஏறவில்லை.

தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். என் முத்திரையும் சாய்ந்துதான் விழுந்தது. மை ஈரமாகத்தான் இருந்தது.

இந்த அறையையே இன்னும் மூன்று மாதத்துக்கு எடுத்துக்கொண்டேன். நோட்டீஸைக் கிழிக்காமல் அதன் கீழே "அது நான்தான், அறை எண் ஏழு" என்று எழுதினேன். "பெரியவரே, இப்பத்தான் பச்சை விழுந்திருக்கு" என்றான் ஹிராய். பழுப்புச் செருப்பைத் தினமும் நான்தான் கழுவுகிறேன். கழுவும்போது இன்னும் குமட்டுகிறது. நீ இதை எப்படிச் செய்தாய் என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை.

உனக்கு வாங்கிய செருப்பை அனுப்பவில்லை. நீ வெறுங்காலோடே நட.

இதைத் தபாலில் போடக் கிளம்பினால் வாசல் மேசைப் பெண் "போயிட்டு வாங்க" என்பாள். இப்போதெல்லாம் "போயிட்டு வரேன்" என்று பதில் சொல்கிறேன். உனக்கு ஒருநாள்கூட அதைச் சொன்னதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவேன். இனி உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு உரிமையுமில்லை.

போகிறேன், மித்சுயோ.

தமோட்சு