தோணியில் பேச்சில்லை

ஓட்டமாவடி, 1936

என் மாளிகையின் மகாராணி சுலைகா உம்மாவுக்கு, தேங்காய்த் தோட்டத்துக் கங்காணி இஸ்மாலெவ்வையின் ஆயிரங்கோடி ஸலாம். நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்கத் துஆச் செய்கிறேன்.

பெருநாளுக்கு வரமுடியாது போலிருக்கிறது. பயப்படாதே, காய்ச்சலல்ல. என்னிடம் வேலை செய்யும் ஆதம்பாவாவும் மீராசாயிபும் ஒரு துண்டுக் கருவாட்டுக்காகக் கோபித்துக்கொண்டு ஒரு மாதமாகப் பேசுவதில்லை. இருவருக்கும் தாடி முழங்கால் வரை. புத்தி மட்டும் இன்னும் தொட்டிலில். போன வாரம் தேங்காய் ஏற்றிய தோணியில் ஆளுக்கொரு முனையில் இருந்தார்கள், நடுவில் நான்.

"மாமா, முன்னுக்கு மணல்திட்டு எண்டு பின்னால இரிக்கிறவருக்குச் சொல்லுங்க."

"முன்னால இரிக்கிறவருக்கு வாயில்லையா எண்டு கேளுங்க மாமா!"

நான் கேட்டு முடிப்பதற்குள் தோணி திட்டில் ஏறிச் சரிந்தது. உலகத்துத் தேங்காயெல்லாம் வாவியில் மிதந்தது. இவர்களை மனிதராக்கிவிட்டுத்தான் நான் ஊருக்குப் போகலாமென்று தோட்டத்துத் துரை என் லீவை வெட்டிவிட்டார். அந்த எரிச்சலில் நானும் இருவரோடும் பேச்சை நிறுத்திவிட்டேன். இப்போது தோணியில் மூன்று பேரும் வாய் திறப்பதில்லை.

சோற்றுக்கு மாசிக் கருவாட்டுச் சம்பலும் உடுக்க ஒரு சாரனும் அனுப்பு. தபால்காரர் சைக்கிளில் ஏறிவிட்டார், முடிக்கிறேன். பதிலை நீட்டி எழுது, ஏசியாவது எழுது. இங்கே என்னோடு பேச ஆளில்லை.

இஸ்மாலெவ்வை