இரண்டு பேர் இழுக்க வேண்டிய கதவு

என் அருமைக் கொழுந்தன் சேகருக்கு,

நீ இருக்கும் இடத்தில் கரண்ட் ஒழுங்காக இருக்கிறதா? மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் கரண்ட் போன போதெல்லாம் கேம் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் மைன்ஸ் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நிற்பாய். "கரி எங்க பக்கத்துல வெட்டறாங்க, கரண்ட்டு மட்டும் உங்க பிளாக்குல நிக்காம ஓடிகினு இருக்குது அண்ணி" என்று சொல்லிக்கொண்டே என் சீரியலை மாற்றிவிட்டு டிவியில் ஒயரைச் சொருகுவாய். ஒருநாளாவது என்னைக் கேட்டு மாற்றினாயா?

பிறந்த ஊர் நெல்லிக்குப்பத்தில் எனக்குக் கேரம்போர்டு தவிர வேறு ஆட்டம் தெரியாது. உன் அண்ணன் ஷிப்டுக்குப் போன நேரத்தில், இரண்டாம் ஆள் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக என் கையில் கன்ட்ரோலரைத் திணித்தவன் நீ. கொஞ்ச நாளில் உன்னை முந்திவிட்டேன். அதை நீ கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது மறுத்துப் பேச ஆள் இல்லாததால் எழுதியே வைக்கிறேன்.

நீ போன பிறகு தனியாகச் சில ஆட்டங்கள் ஆடினேன். ஊரே மெச்சிய ஒன்றில், நடப்பது எப்படி, குதிப்பது எப்படி என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார்கள். எனக்குச் சோறு பிசைந்து ஊட்டாத குறை. இன்னொன்றில் ஒரு கிழவரைப் பத்திரமாக ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நான் நடந்தால் அவர் முந்துகிறார், ஓடினால் பின்தங்குகிறார். வழியில் எதிரியைப் பார்த்தால் நேராக அவனிடமே போய் நிற்கிறார். இரண்டு நாள் பார்த்தேன், மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

"கஷ்டம் இல்லன்னா அது என்ன ஆட்டம் அண்ணி?" என்பாய். கஷ்டம் வேறு, இம்சை வேறு என்று நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன். என் தப்பால் நான் செத்தால் எனக்குக் கோபமே வராது, திரும்ப ஆடுவேன். செத்த பிறகு வில்லன் பேசும் அதே வசனத்தை முதலிலிருந்து கேட்க வைக்கிறார்கள் பார், அது இம்சை. அதைத் தாண்ட ஒரு பட்டன் வைத்தால் அவர்கள் சொத்தா கரைந்துவிடும்?

ஆனால் நம்முடைய மலை ஆட்டத்தைச் செய்தவனுக்கு விஷயம் தெரியும். சிவப்புச் சட்டை நான், நீலச் சட்டை நீ. ஒருவர் விழுந்தால் ஆட்டம் முடிவதில்லை, மற்றவர் கயிற்றைப் பிடித்து மேலே இழுக்கலாம். எத்தனை முறை விழுந்தாலும் யாரும் திட்ட மாட்டார்கள். குறை என்றால் இரண்டுதான். விட்ட இடத்தைப் பதிந்து வைக்கும் சேவ் ஒன்றே ஒன்று. புதிதாகத் தொடங்கினால் பழையது அழிந்துவிடும். அடுத்தது, மலை உச்சியில் இருக்கும் கதவு. இரண்டு பேர் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் திறக்கும். தனியாள் என்றால் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

அந்தக் கதவுக்குக் கீழே, கூடாரத்தில்தான் நாம் விட்டோம். உனக்கு நைட் ஷிப்டு. "நாளைக்கிப் பாத்துக்கலாம் அண்ணி" என்று பெட்டியை இங்கேயே வைத்துவிட்டுப் போனாய். அடுத்த நாள் காய்ச்சல். அந்தக் காய்ச்சல் உன்னை எழுந்திருக்க விடவில்லை.

உன் அண்ணன் உன் பெயரைச் சொல்வதை அதோடு விட்டுவிட்டார். வந்தவர்கள் உன் பேச்சை எடுத்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். மழை கொட்டும் நாளில்கூடப் போனார். பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, தொடவும் இல்லை. என்னிடமாவது உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாரா என்று காத்துக் காத்து எனக்கு வெறுத்துவிட்டது. எனக்கும் பேச ஆள் வேண்டாமா? நீ அவருக்கு மட்டுமா வேண்டியவன்?

போன ஞாயிறு சேவ் இருக்கிறதா என்று பார்க்க ஆட்டத்தைப் போட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே வந்தார். கன்ட்ரோலரை யாரும் பிடிக்காவிட்டால் திரையில் அந்த ஆள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பான், ஞாபகம் இருக்கிறதா? நீலச் சட்டை அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது.

"அவன் ஏன் சும்மா நின்னுகினு இருக்கான்?" என்றார்.

"ஆட ஆள் இல்லங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "எது குதிக்கிறது?" என்று உன் கன்ட்ரோலரை எடுத்தார்.

ஐயோ சேகர், நீ பார்த்திருக்க வேண்டும். மைன்ஸில் அத்தனை பெரிய மெஷினை ஓட்டுகிற மனுஷன், ஒரு முழப் பள்ளத்தைத் தாண்டத் தெரியாமல் விழுந்துகொண்டே இருந்தார். நான் கயிற்றை இழுத்து இழுத்து மேலே ஏற்றினேன். ஒருமுறை அந்தரத்தில் தொங்கும்போது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "விட்டுடாத" என்றார். விடவில்லை.

கதவைத் திறந்துவிட்டோம். உள்ளே பெரிய பூதம் என்று நீ சொன்னாய், இன்னொரு மலை என்று நான் சொன்னேன். இரண்டும் இல்லை. ஒரு மரப்பெஞ்சு, எதிரே பள்ளத்தாக்கு, அவ்வளவுதான். சிவப்பும் நீலமும் போய் உட்கார்ந்துகொண்டன. ஆட்டத்தைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஓடவில்லை, மதிப்பெண் வரவில்லை. எந்தப் பட்டனையும் அமுக்கச் சொல்லவில்லை. நாமாக எழுந்தால்தான் ஆட்டம் முடியும். நான் ஆடியவற்றிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

உன் அண்ணன் எழவில்லை. "சேகரு சின்னதுல என் சைக்கிள எடுத்துகினு வடலூர் பூசத்துக்குப் போயிட்டான், தெரியுமா உனக்கு?" என்றார். உன் பெயரைச் சொன்னார். சைக்கிளைத் தொலைத்துவிட்டு நீ நடந்தே திரும்பியது, உனக்கு விழ வேண்டிய அடியை அவர் வாங்கிக்கொண்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. குரல் உடைந்தபோதும் நிறுத்தவில்லை. ராத்திரி செகண்ட் ஷிப்டு முடிகிற சங்கு ஊதும் வரை பேசினார். அந்த இரண்டு பேரும் அதுவரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நானும் அழுதேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

நம்முடைய சேவ் இன்னும் அந்தக் கூடாரத்திலேயே இருக்கிறது, அதை அழிய விடமாட்டேன், இது சத்தியம். அவருக்கு உன்னைப் பற்றிப் பேசத் தோன்றும் போதெல்லாம் அந்த இரண்டு பேரையும் கூடாரத்திலிருந்து ஏற்றிக் கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைப்பேன். வழியில் அவர் எத்தனை முறை விழுந்தாலும் இழுத்துக்கொள்கிறேன்.

கயிற்றைப் பிடித்திருக்கும்,
உன் அண்ணி