கயிறு காட்டிய ஆள்

தம்பிக்கு,

நம் விடுதிக்கு ஆள் வரட்டும் என்று செயற்கை நுண்ணறிவில் செலவில்லாமல் நீ செய்த காணொளியை தலைநகர் சுவா வரை பார்த்துவிட்டார்கள். சடங்கில் கவா பானம் கலக்கும் கிண்ணத்தில் கட்டிய நார்க்கயிறு ஊர்த் தலைவரை நோக்கித்தான் கிடக்க வேண்டும். அப்பாவுக்குப் பின் அந்த இடம் மூத்தவனான எனக்கு. காணொளியில் நாம் இருவரும் அந்தக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்திருக்கிறோம். கயிறு உன்னை நோக்கிக் கிடக்கிறது.

“என்னப்பா, கயிறே உன்னைக் கைவிட்டுடுச்சா?” என்று வசிதி அத்தை சந்தையில் எல்லாரும் கேட்கச் சிரித்தாள். சிட்னியில் படித்தவன் என்று ஊர் ஏற்கெனவே என்னை வெளியாளாக்கி வைத்திருக்கிறது.

“மெஷின் தப்பா போட்டுடுச்சுண்ணே” என்றாய். முதலில் அனுப்பியதில் எனக்கு ஆறு விரல் இருந்தது, அதைத் திருத்தினாய். கயிறு மட்டும் உன் கண்ணில் படவில்லை.

சனிக்கிழமை பெரியவர்கள் கூடித் தலைவரை முடிவு செய்கிறார்கள். கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பது உன் முறை. அங்கே மெஷின் இருக்காது.

உன் அண்ணன்